பூவைப் பார்த்து மூட்டை தைக்காதே

மேடம் வீட்டு வாசலில் கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக அடித்த தேக்குக் கம்பம் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் அது கடலுக்குள் நீண்ட பாலத்தின் நுனியில் நின்று, அலையின் உயரத்தை எங்களுக்குக் காட்டியது. இப்போது அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் கடலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

மேடம் எங்கள் அலைமின் ஆய்வுப் பிரிவின் தலைவி. காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள். கல்லூரிக்குப் போகும்வரை ஏற்காட்டு ஏரியைவிடப் பெரிய தண்ணீரைக் கண்டதில்லை. ஒரு கரையில் அலையிலிருந்து எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று மதிப்பிடுவது எங்கள் வேலை. அலையின் உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே கொந்தளிக்கும் மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். மேலிடம் அதைத்தான் கேட்டது. கொடுத்தால் பிரிவு பிழைக்கும், இல்லாவிட்டால் மூடுவிழா. நாங்கள் எல்லோரும் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பூவப் பாத்து மூட்டை தைக்கக் கூடாது கண்ணு" என்றார். அவர் அப்பாவின் வாக்கு அது. கோடை மழைக்குக் காபி பூத்தால் மலையே வெளுத்துவிடும். ஆனாலும் காய் பிடித்த பிறகுதான் ரைட்டர் விளைச்சலைப் பற்றி வாயைத் திறப்பாராம். மேடம் கடல் தூங்கிய மாதங்களையும் சேர்த்தே சராசரியை எழுதினார். பிரிவை மூடினார்கள். மேடம் அந்தக் கம்பத்தோடு ஊர் திரும்பினார். எனக்கு வேலை போயிற்று. உண்மையைக் கரைத்துக் குடித்தால் வயிறு நிறையுமா என்று வீட்டில் கத்தினேன். அந்தக் கோபம் பல வருடம் ஆறவில்லை.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு மலையேறினேன். படுக்கையில் கிடப்பார் என்று போனால், மேடம் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். இரண்டு தோசை சாப்பிட்டார். கம்பம்வரை நடந்து வந்து, அன்று பாலத்தில் ஒரு அலைக்குப் பயந்து நான் அலறியதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லாத் தேறிட்டீங்க மேடம். அடுத்த மாசம் கடலுக்குப் போயிட்டு வரலாம்" என்றேன்.

"ஆமாங்க, ஒரு வாரமா அக்கா நொம்பத் தெம்பா இருக்குதுங்க" என்றார் அவருடைய தம்பி.

மேடம் மிளகு இலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "எந்த மாசத்தக் கண்ணு கணக்குல எடுக்கறே?"

கடல் பார்க்க நாங்கள் போகவில்லை.

இந்த முறை போனபோது தம்பி மட்டும் இருந்தார். காபி பூத்து மலை முழுக்க வெள்ளை. கம்பத்துக் கொடியில் மிளகு சரம் சரமாகத் தொங்கியது. என்ன பேசுவது என்று தெரியாமல், எவ்வளவு தேறும் என்று கேட்டேன்.

"பறிச்சுக் காஞ்ச பொறகுதானுங்க சொல்ல முடியும்" என்றார்.