உசிரு பிடி

அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. அத்தான் இறந்துபோன பிறகு திருவண்ணாமலையில் தனியாகக் கிடக்காதே என்று சண்டை போட்டு, கன்னடம் பேசும் ஹெப்பகோடியில் இருக்கும் என் வீட்டுக்கு நான்தான் கூட்டி வந்தேன். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அன்று காலை கீழ்வீட்டில் பெயிண்ட் அடித்தார்கள். நெடி மாடிப்படி ஏறி வந்துவிட்டது. அக்கா பம்ப்பை எடுத்து உறிஞ்சிப் பார்த்தாள், கேட்கவில்லை. "ஜன்னலைச் சாத்துன்னு அப்பவே சொன்னேன்ல" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "சாத்தி" என்றாள். மூச்சு வாங்கினாள். "னேன்" என்றாள். ஒற்றை வார்த்தையைச் சொல்லி முடிக்க நடுவில் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

ஆட்டோ பிடித்து சந்தாபுராவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம். கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கியது. ஆஸ்பத்திரி வரும் முன்னே விசில் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்து "கம்மி ஆயித்தா மேடம்?" என்றார். ஆமாம், குறைந்துவிட்டது என்றேன்.

டாக்டர் தமிழ் பேசினார். அக்காவின் முதுகில் இரண்டு மூன்று இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இழுப்புச் சத்தம் எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார். வரும்போதே நின்றுவிட்டது என்று நல்ல சேதி போலச் சொன்னேன்.

"சத்தம் வரணும்னாலும் கொஞ்சம் காத்து ஓடணும்மா. இப்ப அதுவும் சரியா ஓடல."

திரையை இழுத்து மூடி என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஆக்சிஜன், ஊசி, மாஸ்க்கில் புகையாக வரும் மருந்து, எல்லாம் உள்ளே நடந்தது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்தார். "உள்ள போன காத்து வெளிய வர மாட்டேங்குது. பழசு போனாத்தான் புதுசுக்கு இடம். மருந்து வேலை செய்யணும். அதுக்குள்ள சோர்ந்துட்டாங்கன்னா குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும். ரெடியா இருங்க."

உள்ளே நர்ஸ் பொண்ணின் குரல் கேட்டது. "நிதானக்கே உசிரு பிடி அம்மா. பூர்த்தி பிடி." தன்மையான குரல். பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், கன்னடம் எனக்குப் பழகிப்போனது. நன்றாகத்தான் சொல்லித் தருகிறாள் என்று நின்றிருந்தேன். பிறகு குரல் உயர்ந்தது. "பிடி அம்மா, பிடி. யாக்கே பிடல்லா நீவு?"

ஏன் விட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்முடைய 'வா' இங்கே 'பா'. நம்முடைய 'விடு' இங்கே 'பிடு', மரியாதையாகச் சொன்னால் 'பிடி'. 'உசிரு' என்றால் இங்கே மூச்சு. நர்ஸ் சொல்வது மூச்சை வெளியே விடுங்கள் என்று. ஊரிலிருந்து புதிதாக வந்த அக்காவின் காதில் அது எப்படி விழும்?

திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கண் பிதுங்க, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, விடு. பிடிச்சது போதும், விட்டுடு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து மறுபடி சொன்னேன். என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விட்டாள். அப்படித்தான் என்று "ஹாகே, ஹாகே" என்றாள் நர்ஸ். அடுத்ததையும் விட்டாள். வெகுநேரம் நான் அந்தக் கையை விடவில்லை. மருந்து பிடித்தது. விசில் திரும்பி வந்தபோது டாக்டர், "இப்பக் கேக்குது" என்றார். குழாய் போட வேண்டி வரவில்லை.

மறுநாள் வார்டில் அவளால் முழுசாகப் பேச முடிந்தது. ஏன் அப்படிப் பிடிவாதமாக மூச்சை அடக்கினாய் என்று திட்டினேன்.

"அந்தப் பொண்ணு உசிர பிடி, உசிர பிடின்னு கெஞ்சுச்சுடி. போகப் போறேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்."

"நான் வந்து விடுன்னு சொன்னப்ப?"

"நான் படற பாட்டைப் பாக்க முடியாம, போயிடுன்னு சொல்றியோன்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன்க்கா விட்ட?"

"நீ சொன்னியே" என்றாள்.