தரிசனத்தில் வராத பேக்கரி

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக ஓர் ஊழியக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் கண்களை மூடிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் கொழும்பு ஹோட்டல்ல கஷ்டப்படுறாருன்னு கர்த்தர் காட்டுறாரு. மகளை என்னோட அனுப்புங்க. நல்ல வீட்டுல வேலை இருக்கு."

எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு உறுத்தியது. என் கணவர் போன மாதமே ஹோட்டலை விட்டு ஒரு பேக்கரிக்கு மாறிவிட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கர்த்தருக்குமா தெரியாது?

மகளை அனுப்பவில்லை. மறுநாள் கொழுந்து பறிக்கும்போது தோழி மேரியைப் பிடித்துக் கேட்டேன். ஹோட்டல் கஷ்டத்தை ஜெபக் குறிப்பாக அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"ஜெபிக்கத்தானேக்கா அவருகிட்ட சொன்னேன்" என்றாள்.

மேரி இன்னும் என் தோழிதான். ஆனால் ஜெபக் குறிப்பு கேட்டால், "எல்லாருக்காகவும் ஜெபி" என்கிறேன். மீதியைக் கர்த்தரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.