ஐந்தரை மணி நேரம்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பில் போட விண்டோஸ் இருந்த அந்த ஒரே கம்ப்யூட்டரில், முதலாளிக்குத் தெரியாமல் லினக்ஸையும் ஏற்றி வைத்திருந்தேன். கற்றுக்கொள்ளும் வெறி. சொந்தமாக ஒன்று வாங்க வக்கில்லை.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு லினக்ஸைத் திறந்தால் கடிகாரம் மதியம் இரண்டரை என்றது. மகா புத்திசாலியாக ஒன்பது என்று திருத்தினேன். அணைத்து, விண்டோஸைப் போட்டுவிட்டு பாங்குக்குக் கிளம்பிப் போனேன்.

மறுநாள் நான் போனபோது கோடவுன் வாசலில் முதலாளி எடைச்சீட்டோடு நின்றார். எதிரே சாவிக்காரர். இருபது வருடமாகக் கோடவுன் சாவி அவர் இடுப்பில்தான். மூட்டைகளை எடை போட்டு அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். மாடியில் இருந்த கம்ப்யூட்டரின் கடிகார நேரம் சீட்டில் தானாக விழும். அந்தச் சீட்டில் பன்னிரண்டு மூட்டைகள், காலை 5.10.

"விடியறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டுத் திறந்தே?"

"பத்தரை கழிஞ்சுதான் முதலாளி எடை போட்டது. மூட்டை தூக்கின சுமட்டுக்காரங்ககிட்ட கேளுங்க."

"அவங்க உன் ஆளுங்க. மெஷின் பொய் சொல்லுமா? வேற என்னல்லாம் வெளியே போச்சு?"

எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். அதில் இருப்பது நம்மூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். நான் ஏற்றியிருந்த லினக்ஸோ அதை கிரீனிச் நேரம் என்று எடுத்துக்கொண்டது. நான் திருத்திவிட்டு அணைத்ததும், கிரீனிச் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் என்பதால், அவ்வளவைக் குறைத்து அந்தக் கடிகாரத்தில் எழுதிவிட்டது. 10.40 என்று விழவேண்டிய சீட்டு 5.10 என்று விழுந்திருக்கிறது.

சொன்னால் என் வேலை போகும். வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். நைசாக மாடிக்குப் போய் நேரத்தைச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"சாவியைக் குடு" என்றார் முதலாளி.

சாவிக்காரர் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். இறுகியிருந்த முடிச்சு அவிழவில்லை. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"தப்பு என்மேல முதலாளி. மேல வாங்க, காமிக்கிறேன்."

மூவரும் மாடி ஏறினோம். கம்ப்யூட்டரைப் போட்டேன். சுவரில் மணி ஒன்பது இருபது; திரையில் மூன்று ஐம்பது. முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் மூச்சு வாங்கியதும் சாவிக்காரர் பக்கம் திரும்பி, "சரி விடு, போய்க் கோடவுனைத் திற" என்றார்.

அதற்குள் முடிச்சு அவிழ்ந்திருந்தது. சாவிக்காரர் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் பெட்டி சொன்னப்ப என்னைக் கள்ளன்னு நம்பினீங்க. இப்பவும் இந்தப் பெட்டி சொல்லித்தானே இல்லைன்னு நம்பறீங்க. நான் சொன்னதுக்கு ஒரு விலையும் இல்ல, அல்லே?"

படியிறங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன் வேறு யாரும் இல்லாததால் என் வேலை தப்பித்தது. ஒரு வாரம் கழித்து முதலாளி அந்தச் சாவியை என்னிடம் நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.