மூன்றாம் மார்க் கேமரா

மூன்றாவது கேமரா கடைக்கு வந்த முதல் நாளே எனக்கும் என் மகன் செந்திலுக்கும் வாக்குவாதம். திருச்செங்கோட்டில் ஸ்டுடியோ வைத்து முப்பது வருசத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுக்கிறவள் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் வெளிச்சம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது மார்க் த்ரீங்கம்மா” என்றான்.

“மொத மார்க்க வெச்சுக்கிட்டு எவனாச்சும் மூணாம் மார்க்குக்குப் போவானா?”

“பரிச்சை மார்க் இல்லீங்கம்மா. ஒரே கேமராவத் திருத்தித் திருத்திப் போடறாங்க. மூணாவதுதான் ஒசத்தி.”

எனக்கு விளங்கவில்லை. எங்களிடம் மூன்றும் இருந்தன. மார்க் ஒன்று செங்கல் கனம். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில், இருட்டிலும் படம் தெரிவதற்கான ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றினால், படத்தில் ரவையைத் தூவியதுபோல் புள்ளி விழும். மார்க் டூவில் புள்ளி குறைந்தது, வீடியோவும் வந்தது. மார்க் த்ரீயில் உள்ளே கண்ணாடியே கிடையாது. கண்ணாடி இல்லாமல் எப்படிப் படம் தெரிகிறது என்று கேட்டேன். அவன் சொன்னதில் பாதி புரியவில்லை.

அந்த வாரமே குமாரபாளையத்தில் ஒரு முகூர்த்தம். பெண்ணின் அப்பா என் கிட்டே வந்தார்.

“தாலி கட்டறது மட்டும் தவறக்கூடாதுங்கம்மா. எம் புள்ளையோட அம்மா ஊட்டுல படுத்த படுக்கை. படத்துலதான் பாக்கோணும்.”

“எங்கையில இதுவரைக்கும் தாலி தவறுனதில்லீங்க” என்றேன்.

கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மார்க் த்ரீயை அமுக்கினேன். டக் சத்தம் இல்லை. பிளாஷ் அடிக்கவில்லை. அமுக்கிப் பிடித்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. தோளில் கிடந்த மார்க் ஒன்றை எடுத்து அமுக்கினேன். டக்! தாலி கழுத்தில் இருக்க, பெண், மாப்பிள்ளை, சுற்றி நின்ற சனம் மொத்தமும் என் பக்கம் திரும்பிச் சிரித்தது. முடிச்சு பாதியில் நின்றது.

“ஏனுங் மாப்ள, முடிச்சுப் போடறீங்களா, போட்டாவுக்குச் சிரிக்கறீங்களா?” என்று அதட்டினார் அருமைக்காரர்.

மதியம் செந்தில் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டான். மார்க் த்ரீயில் நூற்றுக்கு மேல் படம்! வீடியோவில் டக் சத்தம் விழுகிறதென்று, என்னிடம் சொல்லாமல் சைலன்ட்டில் வைத்திருக்கிறான். அதில் பிளாஷும் அடிக்காதாம்.

“பாருங்கம்மா, ஒருத்தர்கூட கேமராவப் பாக்கல. பொண்ணு தலகுனிஞ்சு, கண்ணுல தண்ணி. இதுதானுங்கம்மா படம்!”

எனக்கும் அதுதான் பிடித்தது. மார்க் ஒன்றில் ரவையும் பல்லைக் காட்டிய கூட்டமும்தான்.

மறுநாள் இரண்டு கேமராவின் தாலிப் படத்தையும் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனோம். படுக்கையில் இருந்த அந்தம்மா மார்க் த்ரீ படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்றதை வாங்கினார்.

“இதயே பெருசாப் போட்டுக் குடுங்க.”

“அதுல புள்ளி புள்ளியா இருக்குதுங்களே” என்றான் செந்தில்.

“இருந்துட்டுப் போவுது சாமி. இதுலதான் என்ர புள்ள என்னையப் பாக்குது.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புதுக் கேமராவை மேடைக்குக் கொண்டுபோகும் முன் உங்கள் உள்ளங்கையை நாலு படம் எடுத்துப் பாருங்கள். எதற்கு முதல் மார்க் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நான் இன்றும் அந்த இரண்டு கேமராவையும் தோளில் போட்டுக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போகிறேன்.