ஐந்து சென்டிமீட்டர் மூச்சு

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் சமைக்கும் பெண் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது அவள் குடும்பத்தை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டி வந்தாள். பத்தொன்பது வயது, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், மார்பை அளந்து பார்க்க வேண்டும் என்றான். மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டுமாம்.

"சார் அளந்தா தப்பாது. கடுகைக்கூட எண்ணித்தான் தாளிக்கச் சொல்லுவாரு" என்று அவனிடம் என்னைக் கிண்டல் செய்தாள். ஆனால் என் மனைவியின் தையல் டேப்பைத் தேடி உள்ளே போனபோது பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கம்மியா சொல்லிடுங்க சார். ஒரே புள்ள" என்றாள்.

எனக்கும் அதுதான் ஆசை. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். ஒன்றிலிருந்தும் யாரும் ராணுவத்துக்குப் போனதில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறேன். இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளை எல்லையில் நிறுத்திவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குவது சரியா என்று எனக்கு ஓயாத கவலை. டேப்பை அவன் மார்பில் சுற்றிக்கொண்டே, நாட்டுக்காகப் போகிறாயா, சம்பளத்துக்காகவா என்று கேட்டேன்.

"உங்க பேரன் கம்பெனில சேர்ந்தப்போ, கம்பெனி மேல பாசமான்னு கேட்டீங்களா சார்?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

கேட்டதில்லை. ஆனால் என் பேரனை யாரும் சுட வரமாட்டார்கள் என்றேன். அவன் டேப்புக்கு வசதியாகக் கைகளை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, முதல் சம்பளம் வந்ததும் அம்மாவை வேலைக்கு அனுப்பமாட்டேன் என்றான்.

முதல் தடவை நாலரை. சமையலறை வாசலில் நின்றவளின் முகம் இளகியது. இன்னொரு தபா பார்க்கலாம் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

சரியாக ஐந்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஐந்துதான். எதைச் சொல்வது என்று தெரியாமல் டேப்பைப் பிடித்தபடி நின்றேன். அவன் கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்துகொண்டு வந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க சார்" என்றாள் அவள். "புள்ள மூச்சைப் புடிச்சிக்கினு நிக்கிறான்."

ஐந்து என்றேன். அவன் விட்ட பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.