இடது பக்கம் ஸ்டீயரிங் இருந்த வேன்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆவணி முகூர்த்த நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக நானும் கணவரும் ராஜபாளையத்திலிருந்து மொபெட்டில் போய்க்கொண்டிருந்தோம். கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். வேகமாக ஓட்டத் தெரியாதவர். "இதுக்கு சைக்கிள்லயே போயிருக்கலாம்" என்று நான் கேலி பண்ணிக்கொண்டே வந்தேன்.

ஊர் நெருங்கிவிட்டது. ஒரு வளைவை நெருங்கியதும், நாங்கள் போன இடது பக்கத்திலேயே, எங்களுக்கு நேராக ஒரு பெரிய வேன் வந்தது. கணவர் ஏதோ கத்தினார். வேன் கடைசி நேரத்தில் ஒடித்தும் அதன் மூலை எங்களைத் தட்டிவிட்டது. நான் பட்டுச்சேலையோடு ஓரத்துப் புல்லில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் தார் ரோட்டில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ரத்தம் கொட்டியது.

வேன் நிற்காமல் போனது. போயே போய்விட்டது என்று நினைத்தேன். அவருடைய அக்குளில் கை கொடுத்து ஓரத்துக்கு இழுத்துப் பார்த்தேன். அசைக்கக்கூட முடியவில்லை. நிமிர்ந்தபோது, தூரத்தில் அந்த வேன் நின்றிருந்தது.

அதற்குள் டீக்கடையிலிருந்தும் வயலிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். "ஏலே, டிரைவர வெளிய இழுங்கலே!" வலது பக்கக் கதவைத் திறந்து ஒரு வெள்ளைக்காரரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவர் கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டார். மறுபக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கி ஓடி வந்தார். கூட்டத்துக்குள் புகுந்து, தன் நெஞ்சில் தட்டித் தட்டி என்னவோ கத்தினார். புருஷனை அடிக்கிறார்களே என்று அழுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

உதவி கேட்டு நானும் வேன் பக்கம் ஓடியிருந்தேன். திறந்து கிடந்த கதவு வழியே அப்போதுதான் பார்த்தேன். அந்த மனிதர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் ஸ்டீயரிங்கே இல்லை. அது இடது பக்கம் இருந்தது.

"அண்ணே, அவர விடுங்க! அவரு ஓட்டல. ஓட்டுனது இந்தம்மா!" என்று கத்தினேன்.

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. "பொம்பளையா ஓட்டுச்சு?" என்றார் ஒருவர்.

"யாரு ஓட்டுனா என்னண்ணே, ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. மொதல்ல எங்க வீட்டுக்காரர இந்த வண்டியிலயே தூக்கிப் போடுங்க. சண்டைய பொறவு வச்சுக்கிடலாம்" என்றேன்.

கணவரைத் தூக்கி வந்து வேனில் ஏற்றினார்கள். அடி வாங்கிய அந்த வெள்ளைக்காரர், உதடு கிழிந்த நிலையிலேயே பின்னால் ஏறி, ஒரு துண்டால் காலை இறுக்கிக் கட்டினார். கணவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கூடவே ஏறினார்கள். வழி சொல்ல நான் முன்னால் உட்கார்ந்தேன், நம் வண்டிகளில் டிரைவர் உட்காரும் இடத்தில்.

அந்தப் பெண்தான் ஓட்டினார். வேனைத் திருப்பியதும் அது மறுபடியும் வலது ஓரத்துக்கே போனது. எதிரே பஸ். "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று அலறினேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரை என் இடது கையை நீட்டியபடியே இருந்தேன். அவர் ரோட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்து ஓட்டினார். முன்னால் ஒரு மாட்டுவண்டி. அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று இடது பக்கம் இருந்த அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான் தலையாட்டினேன். அவர் முந்திப்போனார். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் நான்தான் அவருக்குக் கண்.

கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண் சொன்னதை இங்கிலீஷ் தெரிந்த நர்ஸ் ஒருவர் எனக்குச் சொன்னார். அவர்கள் நாட்டில் வலது பக்கம்தான் ஓட்டுவார்களாம். மர நிழலில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபோது, காலி ரோட்டில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டதாம்.

"இன்னொண்ணும் சொல்றாங்க. இந்தியாவுல ஆக்சிடென்ட் ஆனா நிக்காதீங்க, கூட்டம் அடிக்கும், நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருங்கன்னு இவங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்களாம்."

"பொறவு எதுக்கு நின்னாவளாம்?"

நர்ஸ் கேட்டுச் சொன்னார். "கண்ணாடியில பாத்தாங்களாம். நீங்க ஒத்தையில அவரப் போட்டு இழுத்துக்கிட்டு இருந்தீங்களாம்."

அந்தப் பெண் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அப்போது என்னால் முடியவில்லை.

போலீஸ் வந்து கேஸ் எழுதியது. அது முடியும்வரை அந்த வெள்ளைக்காரர்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு லாட்ஜில் தங்கினார்கள். தினமும் வார்டுக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள். ஒருநாள் என் கணவர் அந்த மனிதரின் வீங்கிய உதட்டைப் பார்த்துவிட்டு, "பாவம்ட்டி. வண்டியும் ஓட்டல, அம்புட்டு அடியும் அவருக்குத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியாமலே அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அன்றைக்குத்தான் அவர் கையைப் பிடித்தேன்.

கணவரின் கால் எலும்பு கூடிவிட்டது. லேசாகச் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான். நிற்காதீர்கள் என்ற அந்த எச்சரிக்கையை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதன்படி அந்தப் பெண் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. என் கணவர்தான் இருந்திருக்க மாட்டார். எங்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லி அனுப்பியது பொய் இல்லை என்ற வெட்கமும், அதை நம்பிய பிறகும் அவர் நின்றார் என்ற நன்றியும், பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே என் மனதில் தங்கிவிட்டன.