சிவப்புப் பட்டையில் இருந்த எண்

அண்ணனின் கீபோர்டில் என்டர் பொத்தான் மட்டும் சிவந்து கிடக்கும். அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில், இணையதளம் ஒன்றைத் திறப்பது கிரகப்பிரவேசத்துக்குக் குறைந்ததில்லை. மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, பக்கத்தில் எலுமிச்சம்பழம், வாடிக்கையாளர் ஜோசியரிடம் குறித்து வந்த நேரம். அவர்கள் குடும்பத்தில் மூத்தவர் யாரோ, அவர் குங்குமம் தொட்ட விரலால் என்டரை அமுக்க வேண்டும். கோழிப்பண்ணைக்காரர்கள், லாரி பாடி கட்டுகிறவர்கள், தறிக்காரர்கள் என்று எத்தனையோ விரல்கள் பட்டுப்பட்டு அந்தச் சிவப்பு துடைத்தாலும் போகாமல் ஊறிவிட்டது.

நான் சேலம் கோட்டைப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். பிஸ்மில்லா சொல்லி எந்த வேலையையும் தொடங்கிவிடுகிற எனக்கு, ராகுகாலமும் எமகண்டமும் அந்த அலுவலகத்தில்தான் மனப்பாடம் ஆயின. "ஏண்ணே, அமெரிக்காவுல இருக்கிற சர்வருக்கு எந்த ஊரு ராகுகாலம்ணே பாக்கணும்?" என்று சீண்டுவேன். "சும்மா இரு தங்கச்சி, நேரம் குறிச்சவரு ஊரு ராகுகாலந்தான்" என்பார். நாங்கள் மொத்தமே மூன்று பேர். முதலாளி ஆள் பிடித்து வருவார், நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன், மற்ற எல்லாம் அண்ணன். உடன்பிறந்தவர் இல்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து, முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் அண்ணன்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வேலைக்கு நடுவே யாருக்கும் பயன்படாத ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருப்பார். முட்டை அட்டையின் குழிகளைப் படம் பிடித்து, அவற்றில் எழுத்துகள் உருண்டு வந்து உட்காரும்படி ஒரு பக்கம். ஏற்காடு மலை எந்த நேரத்தில் என்ன நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத்துக்கு மாறுகிற ஒரு பக்கம். "இத வெச்சு என்னண்ணே பண்றது?" என்றால், "பாத்துட்டுச் சிரிக்கிறதுதான்" என்பார். எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடிக்கும். அப்படி விளையாட உட்கார்ந்தால் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி, கவிழ்த்து வைத்துவிடுவார். தெரியாத எண் என்றால் சாதாரண நாளிலேயே எடுக்கமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தளம் கட்டும்போது தொலைபேசி எண் வர வேண்டிய இடத்தில், உண்மை எண் கிடைக்கும்வரை ஏதாவது ஒரு மாதிரி எண்ணைப் போட்டு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஆரம்பத்தில் வாய்க்கு வந்த ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார். அது எடப்பாடியில் யாரோ ஒரு தறிக்காரருடைய எண்ணாகப் போய்விட்டது. ஒரு கோழிப்பண்ணைத் தளத்தில் அதை மாற்ற மறந்துவிட, முட்டை விலை கேட்டு ஆள் மாற்றி ஆள் அவரைக் கூப்பிட, அந்த மனிதர் அலுவலகத்துக்கே வந்து கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணன் தன் சொந்த எண்ணையே மாதிரிக்குப் போடத் தொடங்கினார். "அடுத்தவனுக்கு எதுக்குத் தங்கச்சி தொந்தரவு? வந்தா எனக்கு வரட்டும்" என்றார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நாமக்கல்லிலிருந்து தள்ளி இருந்த ஊர்களுக்காகச் சிலர் சேர்ந்து இலவச ஆம்புலன்ஸ் ஒன்றை விட்டார்கள். பக்கத்திலேயே ஒரு வண்டி நிற்கிறது, கூப்பிட்டால் உடனே வரும் என்பதுதான் அதன் பெருமை. அவர்களுக்கு நாங்கள் தளம் செய்தோம். வண்டிக்கான புது எண் திறப்பு விழாக் காலையில்தான் அவர்கள் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். "அதுக்குள்ள அமுத்தீரோணுங்க" என்று அவர்களுடைய தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். அண்ணன் அவசர அவசரமாக, மாதிரிக்குப் போட்டிருந்த தன் எண்ணைத் தேடித் தேடி எடுத்துவிட்டுப் புது எண்ணைப் போட்டார். எழுத்தாக இருந்ததெல்லாம் மாறிவிட்டது. முதல் பக்கத்தின் உச்சியில் இருந்த பெரிய சிவப்புப் பட்டை மட்டும் எழுத்தல்ல, படம். அதற்குள் இருந்த எண் தேடலில் சிக்கவில்லை. குங்குமம் வைத்து, அமுக்கி, கைதட்டி, மைசூர்பாகும் தின்றோம்.

அடுத்த வாரம் அண்ணன் எடப்பாடிக்குப் போனார். தட்டச்சு செய்கிற வேகத்துக்கு விசைத்தறி ஓடுகிற சத்தம் கேட்கும்படி ஒரு பக்கம் செய்ய ஆசை. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்வதற்காகப் போனை ஊமையாக்கிப் பையில் போட்டிருந்தார். வெளியே வந்து பார்த்தால், ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார். யாரோ ஒருவர் எடுத்து, "இது எழவு ஊடுங்க, அப்பறமாக் கூப்புடுங்க" என்று வைத்துவிட்டார். தவறான அழைப்பு என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார்.

சில நாள் கழித்து ஆம்புலன்ஸ் தலைவர் வேறு வேலையாக அலுவலகத்துக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, ஓர் ஊரில் நெஞ்சுவலி வந்த அம்மா ஒருவர் இறந்துபோனதையும், வண்டிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததாக அவர் கணவர் சொல்வதையும் சொன்னார். "எங்களுக்கு அப்பிடி ஒரு போனே வரலைங்க. முட்டை வண்டிய நிறுத்தி ஏத்திருக்காங்க. பாதி வழியிலயே உசுரு போயிருச்சு" என்றார். அண்ணன் எழுந்து அந்தச் சிவப்புப் பட்டையைத் திறந்து பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, அந்த வீட்டின் எண் என்ன என்று கேட்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். யா அல்லா, யாருக்கும் அப்படி ஒரு நிமிடம் வரக்கூடாது.

படத்தை உடனே மாற்றினோம். மூச்சு விடாமல் இருந்துவிடலாம் என்று தலைவரும் முதலாளியும் ஒரே குரலில் சொன்னார்கள். "சொன்னா செத்தவங்க எந்திரிச்சு வந்துருவாங்களா? அவங்களாவது விதின்னு நெனச்சு ஆறட்டும். நீ போய்ப் புண்ணக் கிளறாத" என்றார் முதலாளி. அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்கும் பட்டது. அண்ணன் சோறு தண்ணி இறங்காமல் கொஞ்ச நாள் கிடந்தார். ஒரு நாள் காலையில், "நான் போய்ச் சொல்லீட்டு வாரேன் தங்கச்சி" என்று கிளம்பினார். அடித்துப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நானும் கூடப் போனேன்.

கோழிப்பண்ணைகளைத் தாண்டி ஒரு தனி வீடு. வாசலில் இறந்துபோன அம்மாவின் மகன் குந்தியிருந்தான். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். உள்ளே சுவரோரமாக அப்பா. கண்புரை உள்ள மனிதர். அவர் தலைமாட்டுச் சுவரில் அந்த எண், அண்ணனுடைய எண், கரியால் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. தளத்தைப் பார்த்து மகன்தான் எழுதி வைத்தானாம். காரியம் முடிந்ததிலிருந்து அவன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள்.

அண்ணன் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பட்டை, படம், ராகுகாலம், தறிச் சத்தம் எதையும் விடவில்லை. முடிந்ததும் பெரியவர், "அப்ப நான் நெம்பரச் செரியாத்தான் அமுத்துனனுங்களா?" என்று கேட்டார்.

"செரியாத்தானுங்க அமுத்துனீங்க. எம் போனுக்குத்தான் வந்துச்சுங்க. நான் எடுக்கலீங்க."

"ஒண்ணுகூட மாத்தி அமுத்தலியே?"

"இல்லீங்க."

பெரியவர் வாசல் பக்கம் திரும்பினார். "டேய், கேட்டியாடா? நான் செரியாத்தான்டா அமுத்திருக்கறேன். உங்கம்மாவ நான் கொல்லலடா" என்று கத்தினார். கண் தெரியாமல் அப்பா எண்ணை மாற்றி அமுக்கிவிட்டார் என்றே மகன் நினைத்திருக்கிறான். அப்பாவும் அதையேதான் நம்பியிருக்கிறார். மகன் உள்ளே வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, சிறு பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். எங்களை யாரும் திட்டவில்லை. கையும் ஓங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர்தான் அண்ணன் இருந்த திசையைப் பார்த்துச் சொன்னார்: "இத்தன நாளா நாந்தான் கொன்னுட்டேன்னு கெடந்தனுங்க. இனி நீங்க பாத்துக்குங்க சாமி."

கோபமே இல்லை அந்தக் குரலில். தலைச்சுமையை மாற்றிவிடுகிற ஆள் பேசுவதுபோல இருந்தது. அண்ணன் "செரிங்க" என்றார். இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் இரண்டு பேரும் பேசாமல் வெளியே வந்தோம்.

அந்த மாதமே அண்ணன் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்கள் செய்த தளங்களில் பிழை தேடுகிறார். தறிச் சத்தத்தை வைத்து எதுவும் செய்யவில்லை. போன வாரம் நான் புதிதாக ஒரு சிம் வாங்கினேன். நானும் தனியாக ஒரு சின்ன அலுவலகம் தொடங்குகிறேன், திறப்புக்கு வாருங்கள் என்று அண்ணனைக் கூப்பிடத்தான் முதலில் அழைத்தேன். அவருக்கு அது தெரியாத எண். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். நான் வாய் திறக்கும் முன்னே, மூச்சிரைக்க அவர் கேட்டார்: "சொல்லுங்க, யாருக்கு என்னாச்சுங்க? எந்த ஊருங்க?"